படம் அவர் போடட்டும், பேரேடு நம் கையில்

எங்கள் வீட்டில் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை நிறுத்தியது அம்மாதான். அப்பா போர்டு எழுதுவதை விட்டு, அறுபதைத் தாண்டியபின் கேன்வாஸில் படம் போட ஆரம்பித்த முதல் வருடம் அது. சிங்கப்பூரிலிருந்து பேசும்போதெல்லாம் “நைனாவுக்குப் பொழுது போகுதா?” என்று கேட்பேன். ஒரு நாள் அம்மா போனை வாங்கி, “அவருக்குப் பொழுது போதலன்னு கெடக்குறாரு, நீ போகுதான்னு கேக்குற” என்றாள். அன்றோடு விட்டேன்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். அப்பாவோ அம்மாவோ படம் போடுகிறார் என்றால், அது வேலை. வேலைக்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், பொருள் வேண்டும், கணக்கு வேண்டும். வரைவதைத் தவிர மற்ற பாரத்தில் பெரும்பகுதியைத் தூரத்திலிருந்தே நாம் தூக்கலாம். படத்துக்குள் மட்டும் நமக்கு வேலையில்லை.

வடசென்னையில் இது நிறைய வீடுகளின் கதை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்தப் பட்டை முழுக்கக் கை தேர்ந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். படகுக்குப் பெயரும் பதிவு எண்ணும் எழுதியவர்கள், லாரிக்குப் பின்னால் மயிலும் தாமரையும் போட்டவர்கள், தேர்தல் வந்தால் சுவரெல்லாம் சின்னம் வரைந்தவர்கள், கட்டம் போட்டு நாற்பதடி சினிமா பேனர் ஏற்றியவர்கள். 2000-க்குப் பின் ஃப்ளெக்ஸ் அச்சு வந்து சில வருடங்களில் அந்தப் பிழைப்பை வாரிக்கொண்டு போயிற்று. கை மட்டும் மிஞ்சியது. என் அப்பாவும் நடுவில் பத்து வருடம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக வண்டிகளுக்கு ஸ்ப்ரே அடித்தார். அந்தக் கை இப்போதுதான் முதல்முறையாகத் தனக்காக வரைகிறது.

வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்து உமரியா மாவட்டத்தின் ஜோதையா பாய் பைகா எழுபதை ஒட்டிய வயதில்தான் தூரிகையைப் பிடித்தார். 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தியோவின் கணக்குப் புத்தகம்

தூரத்திலிருந்து ஓர் ஓவியரைத் தாங்கியவர் என்றால் வின்சென்ட் வான் கோவின் தம்பி தியோவைத்தான் உலகம் சொல்லும். அண்ணனுக்குத் தம்பி செய்தது, அப்பாவுக்குப் பிள்ளை செய்வதற்கு அப்படியே பொருந்தும். பாரிஸில் படம் விற்கும் நிறுவனத்தில் தியோவுக்கு வேலை. மாதம் ஏறக்குறைய 150 பிராங்க் அண்ணனுக்குப் போகும். எந்த வண்ணம், எத்தனை டியூப் என்று வின்சென்ட் கடிதத்திலேயே எழுதுவார். தியோ வாங்கி அனுப்புவார். 1884-ல் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தியோ அனுப்பும் பணம் இனி தர்மம் அல்ல, அதற்கு ஈடாகப் படங்கள் தியோவுக்குச் சேரும். வாங்குகிறவரின் தலை குனியாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நான் உங்களிடம் அதிகம் சொல்ல நினைப்பது தியோவின் மனைவி யோவைப் பற்றி. 1890 ஜூலையில் வின்சென்ட் இறந்தார். ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில், தியோவும் போனார். கைக்குழந்தையோடும் நூற்றுக்கணக்கான படங்களோடும் யோ நின்றாள். அவளிடம் ஒரு வீட்டுக் கணக்குப் புத்தகம் இருந்தது. அரிசி பருப்புக் கணக்குப்போல வீட்டு வரவு செலவுக்காக ஆரம்பித்தது அது. அதிலேயே எந்தப் படம் எவ்வளவுக்கு விற்றது என்பதையும் வருடக்கணக்காக எழுதி வைத்தாள். படங்களைக் காட்சிகளுக்கு அனுப்பினாள், அவசரப்பட்டு விற்காமல் காத்தாள், அண்ணன் தம்பி கடிதங்களை 1914-ல் அச்சேற்றினாள். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனான பிறகு, 1973-ல் ஆம்ஸ்டர்டாமில் அந்தப் படங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது.

நான் கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஓவியத்தைப் பற்றி எதுவும் தெரியாதவள் என்ன உதவி செய்ய முடியும் என்று நினைத்திருந்தேன். யோவைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தெரிந்த தொழிலே போதும் என்று புரிந்தது.

பேரேடு வைப்பது எப்படி

ஒரு நீள நோட்டு வீட்டில் இருக்கட்டும். அதன் நகல் உங்கள் கணினியில் இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். வருடமும் வரிசையும் சேர்ந்த எண் நல்லது. 2024-07 என்றால் அந்த வருடத்தின் ஏழாவது படம். அதற்கு நேரே தலைப்பு, அளவு (உயரம் முதலில், அகலம் அடுத்து), எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா, முடித்த மாதம், இப்போது எங்கே இருக்கிறது, விலை, வாங்கியவர். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்பா சொல்லும் ஒரு வாக்கியம் அதில் ஏறட்டும்: “காசிமேட்டு ஐஸ் பேக்டரி பின்னாடி, விடியல் நாலு மணி.” பத்து வருடம் கழித்து ஒருவர் அந்தப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த வாக்கியத்துக்கு விலையே கிடையாது.

அதே எண்ணைப் படத்தின் பின்பக்க மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். துணியின் முதுகில் மார்க்கரால் எழுதினால் மை முன்பக்கம் ஊறிவர வாய்ப்புண்டு.

அடுத்தது போட்டோ. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொட்டை மாடியில், காலையில், நேர்வெயில் படாத நிழலில் படத்தைச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். படம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ போனும் அவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் செவ்வகம் கோணலாகிவிடும். மிக நெருங்கி எடுத்தால் ஓரங்கள் வளையும். இரண்டடி பின்னால் போய்க் கொஞ்சம் ஜூம் செய்தால் சரியாக வரும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், நிறம் மாறியிருந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். முழுப்படம் ஒன்று, நெருக்கத்தில் ஒன்று, முதுகு ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஆகவே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் எண்ணையே பெயராகக் கொடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

இதையெல்லாம் நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஆரம்பத்தில் ஒரு காட்சிக்கூடத்துக்கு அப்பா இரண்டு படம் கொடுத்தார். ரசீது வாங்கவில்லை, போட்டோவும் இல்லை. ஒன்பது மாதம் கழித்துக் கேட்டபோது எந்தப் படம், எப்போது கொடுத்தீர்கள் என்றார்கள். அப்பாவுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஒன்று திரும்பி வந்தது. மற்றது ராயபுரம் ரயில் நிலையத்துப் பழைய தூண்களைப் பார்த்து அவர் மூன்று மாதம் போட்ட படம். 1856-ல் திறந்த அந்த நிலையத்தின் எதிரேதான் அவர் சின்ன வயதில் முதல் போர்டு எழுதினார். அந்தப் படம் இன்று எந்தச் சுவரில் தொங்குகிறதோ.

ஆகவே படம் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஒரு தாள் கூடப் போக வேண்டும். எத்தனை படம், எந்த எண், என்ன விலை, கமிஷன் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும், சேதமானால் யார் பொறுப்பு என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடட்டும். காட்சிக்கூடக் கமிஷன் பொதுவாக விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போகும். அதைக் கேட்டு மலைக்க வேண்டாம். வாய்ப்பேச்சாக விடவும் வேண்டாம்.

உப்புக்காற்று, கரி, மழை

கடலோரத்தில் துணியும் தாளும் எப்படிக் கெடும் என்று மீன்வலை வைத்திருப்பவர்களிடம் சொல்லத் தேவையில்லை. படமும் துணிதான். ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஈரம் குடிக்கும், கேன்வாஸின் முதுகில் பூஞ்சை வெள்ளையாகப் பூக்கும். படங்களைத் தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி வையுங்கள். தெருப்பக்கச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நடுச்சுவர் நல்லது. சுவருக்கும் படத்துக்கும் நடுவே நான்கு விரல் காற்று ஓடட்டும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு இன்னும் கெடும். பழைய பருத்திப் புடவை போதும். முகமும் முகமும் உரசாமல் பட்டர் பேப்பர் வையுங்கள். அக்ரிலிக் வண்ணம் வெயிலில் இளகும், குமிழ் உறையைப் படத்தின் முகத்தில் படும்படி சுற்றினால் குமிழ்க்குமிழாய் அச்சு விழுந்துவிடும். துணியை இழுத்துப் பிடிக்கும் ஸ்டேப்ளர் பின் இந்தக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துத் துணியையும் அரிக்கும். துருப்பிடிக்காத பின் கொஞ்சம் விலை கூட, அதை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு நீர். கேன்வாஸ்களை அப்பா பரணில் ஏற்றிவிட்டார். கட்டிலுக்கு அடியில் ட்ரங்குப் பெட்டியில் இருந்த முப்பது வருடத்து ஸ்கெட்ச் நோட்டுகளை மறந்துவிட்டார். மூன்றாம் நாள் திறந்தபோது எல்லாம் ஒரே கூழ். அதே வெள்ளத்தில்தான் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரத்தின் வேர் என்று எல்லாவற்றிலும் கறுப்பாக ஒரு கோடு நின்றது. அப்பா போன் செய்து, “கண்ணு, நோட்டு போச்சு” என்று மட்டும் சொன்னார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன். அந்த நோட்டுகளில் ஒரு பக்கத்தைக்கூட நான் போட்டோ எடுத்து வைக்கவில்லை.

ஸ்கெட்ச் நோட்டும் படம்தான். அடுத்த விடுமுறையில் போனதும் முதல் வேலையாகப் பக்கம் பக்கமாக எடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் எல்லாமே இடுப்புக்கு மேல் ஏறியாக வேண்டும் என்பதைப் பண்டிகைபோல ஒரு தேதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரித்தூசியும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்று எண்ணூருக்குப் போனபின் ராயபுரம் கொஞ்சம் மூச்சுவிட்டது, எண்ணூர் கூடுதலாகச் சுமந்தது. எண்ணெய் வண்ணம் மேல்பக்கம் காயவே நாட்கள் ஆகும். அதற்குள் படிந்த தூசியைப் பிறகு எடுக்க முடியாது. ஈரப்படத்தைச் சுவர் பார்த்து முன்சாய்வாக நிறுத்தி வைப்பது எளிய வழி. வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

உடம்புக்கான இரண்டு விஷயங்களைக் கட்டாயம் கேளுங்கள். ஒன்று, ஆளி எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போடுகிறாரா? அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும், குவியலாகக் கிடந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடட்டும். இரண்டு, பழைய எனாமல் டப்பாக்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா? வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். போர்டு எழுதியவர்களுக்குப் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூர் செய்யும் பழக்கம் இருக்கும். என் அப்பாவுக்கு இருந்தது. அதை விட வைக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

பக்கத்தில் ஒரு கை

தூரத்திலிருந்து செய்ய முடியாததற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒரு தம்பி, கல்லூரியில் படிக்கிறான். மாதம் இரண்டு ஞாயிறு வருவான், போட்டோ எடுப்பான், நோட்டைச் சரிபார்ப்பான், பிரேம் கடைக்குப் போவான். தெரிந்த பையன்தானே, சும்மா செய்வான் என்று விட்டுவிடாதீர்கள். பேசி ஒரு தொகை கொடுங்கள். காசு வாங்கினால் உரிமையாகக் கேட்கலாம், அவனுக்கும் அது கைச்செலவுக்கு ஆகும்.

நுண்கலைக் காட்சிகள் பெரும்பாலும் தெற்கேயும் நடு ஊரிலும்தான் நடக்கின்றன. விம்கோ நகர்வரை மெட்ரோ 2021-ல் வந்தது அப்பாவுக்குப் பெரிய விடுதலை. திருவொற்றியூரில் ஏறினால் ஆயிரம் விளக்கில் இறங்கி, கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாடமிக்கு நடந்தே போகிறார். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பது அவருக்குச் சாப்பாடு மாதிரி. அந்தப் பயண அட்டையில் காசு தீராமல் பார்த்துக்கொள்வது நான் செய்யும் உதவிகளில் மிகச் சின்னது, அவருக்குப் பிடித்ததும் அதுதான். படத்தை எடுத்துக்கொண்டு போவதென்றால் மெட்ரோ ஆகாது, குட்டியானை பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் தார்ப்பாய் உள்ள வண்டியாகப் பாருங்கள். ஊர் தாண்டி அனுப்ப வேண்டியிருந்தால், நன்றாகக் காய்ந்த படத்தை மட்டும் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி அகலமான பிவிசி பைப் மேல் சுருட்டுங்கள். உட்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி வெடிக்கும்.

பணம்

பொருள் வாங்கி அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். நான் முதல் வருடம் விலையுயர்ந்த பிரஷ் ஒரு செட் கொண்டுபோனேன். அப்பா வாங்கித் தடவிப் பார்த்து, பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டார். அவர் கை பழகியது முரட்டுப் பன்றிமுடிப் பிரஷுக்கு. கேட்காமல் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து கூரியரில் அனுப்பும் பரிசுக்கும் இப்போது சுங்கவரி உண்டு. டர்பன்டைன் போன்ற தீப்பற்றும் சரக்கு விமானத்தில் ஏறாது. அவர் வழக்கமாக வாங்கும் கடையில் மாதக் கணக்கு வைத்து, நீங்கள் கட்டிவிடுவதே சிறந்தது. தியோவைப்போல, அவர் கேட்ட டியூப் அவர் கேட்ட எண்ணிக்கையில் போகட்டும்.

குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்தையும் படத்துக்கான பணத்தையும் தனியாக அனுப்புங்கள். ஒரே தொகையாகப் போனால் அம்மாவின் மாத்திரை, கரன்ட் பில் எல்லாம் முதலில் போகும், வண்ணம் கடைசியில் நிற்கும். பெற்றோர் அப்படித்தான். பிள்ளை பெற்றோருக்குத் தரும் அன்பளிப்புக்கு வாங்குகிற அவர்களுக்கு வருமான வரி கிடையாது. ஆனால் படம் விற்று வரும் பணம் அவருடைய தொழில் வருமானம். அதற்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விற்பனை பெருகி வெளி மாநிலத்துக்கும் போக ஆரம்பித்தால் ஜிஎஸ்டிக்காக ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

பழைய தொழிலை விட்டுவிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இதே ஊரின் தென்கரையில், ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். அந்த நிலம் வாங்கிய காசில் பட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்று வந்த பணமும் இருந்தது. கைத்தொழில் ஓவியத்துக்குச் சோறு போட்ட இடம் அது. அப்பா இன்றும் வருடம் நாலைந்து படகுக்குப் பெயர் எழுதுகிறார். கடற்கரையில் அவரைக் கேட்டு வருகிறார்கள். அந்த மரியாதையை ஏன் பறிக்க வேண்டும்?

அறுபதுக்குள் இருக்கும் பெற்றோர் என்றால், தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் ஓவியர் நல வாரியத்தில் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பதிவு வயது 18 முதல் 60 வரை, ஓய்வூதியம் அதன்பிறகு. என் அப்பா தவறவிட்டார். அறுபதைக் கடந்தவர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் மூத்த கலைஞர் உதவித்தொகை இருக்கிறது, அதற்கு வருமான வரம்பு உண்டு. காட்சிகளின் போட்டோ, அழைப்பிதழ், நாளிதழ்த் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்தவர்களால்தான் இப்படிப்பட்ட விண்ணப்பத்தை நிரப்ப முடியும்.

விலையும் உரிமையும்

விலைக்கு ஒரே விதி வையுங்கள்: சதுர அங்குலத்துக்கு இவ்வளவு. ஒரே அளவுள்ள படங்கள் ஒரே விலைக்குப் போகட்டும். வீட்டுக்கு வந்து கேட்பவருக்கு ஒரு விலை, காட்சிக்கூடத்தில் ஒரு விலை என்று இருந்தால் காட்சிக்கூடம் அடுத்த முறை கூப்பிடாது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பரிசுக்கு இலவசமாகக் கேட்பார்கள். அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியாது, உங்களால் முடியும். “பொண்ணுதான் கணக்குப் பாக்குது, அதைக் கேளுங்க” என்று அவர் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கெட்ட பெயரை நாம் வாங்கிக்கொள்வோம்.

படத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், எழுதிக் கொடுத்தால் ஒழிய. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு நீளும். ஆகவே காலண்டர் போட, அட்டைப்படம் போட ஒருவர் கேட்டால் அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம். ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். ஒருவர் காசு கொடுத்துத் தன் உருவத்தை வரையச் சொன்னால், மாற்றி எழுதிக்கொள்ளாத வரை அந்தப் படத்தின் உரிமை வரையச் சொன்னவருக்கே போகும். ஓவியரிடம் உரிமை இருக்க வேண்டும் என்றால் முன்பணம் வாங்கும் தாளிலேயே அதை எழுதிவிடுங்கள். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விற்ற படம் பிற்பாடு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், ஓவியருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு கேட்கும் உரிமை உண்டு, அதிகபட்சம் பத்து சதவீதம். யாரிடம் விற்றோம் என்ற பெயர் பேரேட்டில் இல்லாவிட்டால் இந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீங்கள் இருக்கும் நாட்டுக்குப் படத்தை எடுத்துப் போகலாம். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் வாழும் ஓவியரின் படைப்பைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் பில்லும், இது என் படைப்பு என்று அப்பா கையெழுத்திட்ட கடிதமும் கையில் இருந்தால் விமான நிலையத்தில் நிற்க வேண்டியிராது.

பணம் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. போனில் வரும் ‘வாங்குபவர்’, “பணம் போட்டிருக்கேன், பின் நம்பர் அடிங்க” என்பார். பணம் வாங்க யாருக்கும் பின் நம்பர் தேவையில்லை, பணம் போகும்போதுதான் அது வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். காசு கட்டினால் விருது தருகிறோம், உலகக் கண்காட்சியில் இடம் தருகிறோம் என்று வரும் கடிதங்கள் உங்களைத் தாண்டித்தான் அவரிடம் போக வேண்டும்.

கண்

போன வருடம் அப்பா நீல டியூபைக் குறை சொல்ல ஆரம்பித்தார். “கம்பெனி ஏமாத்துறான், நீலம் அழுக்கா இருக்கு.” இரண்டு கம்பெனி மாற்றிப் பார்த்தார். அவர் அனுப்பிய படங்களை நான் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பேரேட்டில் எண்ணோடு இருந்ததால் முடிந்தது. ஒரு வருடமாகக் கடல் மெல்ல மெல்ல ஊதாவாகிக்கொண்டே வந்திருந்தது. கண்புரை. புரை விழுந்த கண்வில்லை மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கும். அதை ஈடுகட்ட அவர் கை நீலத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறது. பிரான்ஸின் ஓவியர் மோனேவுக்கும் கண்புரை வந்து நிறங்கள் குழம்பின. 1923-ல் அறுவை செய்துகொண்டார். நம் எழும்பூர்க் கண் மருத்துவமனை 1819-லேயே தொடங்கப்பட்டது. வடசென்னையிலிருந்து அது பக்கம்தான். அறுபதைத் தாண்டிய ஓவியருக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனை என்று நாளைக் குறித்துவிடுங்கள். அறுவைக்குப் பின் சில வாரம் எல்லாமே நீலம் பூத்தாற்போலத் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பழைய படங்களைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்.

என்ன பேசுவது

காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை வெளிச்சம் நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, வளைகுடா நாட்டைப் பொறுத்து ஒன்றரையோ இரண்டரையோ மணி நேரம் பின்னால். கணக்குப் போட்டு, அவர் பிரஷ் கழுவும் நேரத்துக்குப் பேசுங்கள்.

படம் வந்ததும் ‘சூப்பர்’ என்று அனுப்புவது அவருக்கு எதையும் தராது. கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். “அந்தச் சிவப்பு பக்கெட் மேலதான் மொதல்ல கண்ணு போச்சு, நைனா” என்றேன் ஒருமுறை. அடுத்த நாள் பக்கெட்டைச் சாம்பல் நிறமாக்கிவிட்டார். “அதான் எனக்கும் உறுத்துச்சு” என்றார். எத்தனை விற்றது என்று கேட்காதீர்கள், அது உங்களுக்கே தெரியும், பேரேட்டில் இருக்கிறது. எங்கே நின்றுவிட்டது, எதை அழித்தார் என்று கேளுங்கள்.

என்ன வரைய வேண்டும் என்று சொல்லவே சொல்லாதீர்கள். கழிமுகத்தில் எண்ணெய் கலந்த வருடத்துக்குப் பிறகு அப்பா கறுப்பாகவே போட்டார். கொசஸ்தலை ஆறு, சாம்பல் குழாய், கோபுரம்போல நிற்கும் புகைக்கூண்டுகள். வீட்டில் மாட்ட லட்சணமாக ஏதாவது போடக் கூடாதா என்று உறவினர் ஒருவர் கேட்டபோது நானும் தலையாட்டினேன். இன்றுவரை அது எனக்குக் குத்துகிறது. அந்தக் கறுப்புப் படங்கள்தான் அவர் போட்டதிலேயே நல்லவை.

விடுமுறையில் ஊருக்குப் போனதும், பெட்டியைப் பிரிக்கும் முன், பேரேட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் எண்ணைப் படியுங்கள், அவர் படத்தை எடுத்துக் காட்டட்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முழு நாள் ஆகும், அம்மா நடுவில் இரண்டுமுறை டீ போடுவாள். இந்தத் தை மாதம் 2025-11 வரை சரிபார்த்து முடித்தோம். கதவுக்குப் பின்னால் துணி மூடி இன்னொன்று நின்றது. இதற்கு எண் 12 போடட்டுமா என்று பேனாவை எடுத்தேன். அப்பா அதைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“இன்னும் முடியல கண்ணு. அத்த எழுதாத.”